குடித்ததெல்லாம் உடலில் சேருமா?
(பாடக் கட்டுரை: புளித்த பழச்சாறும் நம் சரீரமும்)



உங்கள் ஜெபத்தாலும் காணிக்கையாலும் இந்த மருத்துவ ஊழியத்தைத் தாங்கிவருகிறீர்கள். நோயாளிகளைப் பார்க்க வரும்போதும் நீங்கள் வெறுங்கையோடு வருவதில்லை. முன்பெல்லாம் ஆரஞ்சும் ரொட்டியும் கொண்டுவருவீர்கள். இப்போது கட்டிலருகே பாட்டில்களையும் காண்கிறோம். நோனிச் சாறு, திராட்சை அரிஷ்டம், புளிக்கவைத்த நெல்லிச் சாறு என்று பல வகை. அவை அன்போடு வாங்கித் தரப்பட்டவை என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் பாட்டிலோடு ஒரு பேச்சும் வார்டுக்குள் நுழைந்துவிடுகிறது. "இது இயற்கையானது, புளிக்கவைத்ததால் சத்து முழுவதும் அப்படியே இரத்தத்தில் கலந்துவிடும், இதைக் குடித்தால் மாத்திரை தேவையில்லை" என்கிறார்கள். கைப்பேசியிலும் இதே செய்தி சுற்றிவருகிறது. இதை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, காலில் ஆறாத புண்ணோடு திரும்பி வருகிறவர்கள் உண்டு. மாத்திரைக்கு வைத்திருந்த பணம் பாட்டிலுக்குப் போய்விட்ட ஏழைக் குடும்பங்களும் உண்டு. ஆகவே இந்த இதழில் இதைப் பாடமாகவே எடுத்துக்கொள்வோம்.

மூன்று கேள்விகள். பழச்சாறு புளிக்கும்போது என்ன நடக்கிறது? அதிலுள்ள நற்பொருள்கள் எவ்வளவு உடலில் சேருகின்றன? அது யாருக்கு ஆகாது? நான் போதகன், வைத்தியன் அல்ல. இருந்தாலும் வைத்தியர்கள் அறிந்து சொன்னதை எளிய தமிழில் உங்களுக்குச் சொல்வது என் கடமை.

1. பழச்சாறு புளிக்கும்போது

புது ரசத்தைப் பழைய துருத்தியில் வார்த்தால் துருத்தி கிழிந்துபோகும் என்று நம் ஆண்டவர் சொன்ன உவமையை அறிவோம். துருத்தி ஏன் கிழிகிறது? பழத்தின் தோலில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. அந்த வாயு துருத்தியை உப்பச் செய்கிறது. விறைத்துப்போன பழைய தோல் நெகிழ முடியாமல் கிழிந்துவிடுகிறது.

புளித்தல் உயிருள்ள கிருமிகளின் வேலை என்பதை 1857 முதல் லூயி பாஸ்டர் ஆராய்ந்து காட்டினார். சாற்றைச் சூடாக்கினால் கிருமிகள் மடியும், புளிப்பும் நின்றுவிடும். இந்த முறையைக் கொண்டு 1869இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர் புளிக்காத திராட்சைச் சாற்றைத் தயாரித்தார். மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த அவர், திருவிருந்துக்கென்றே அதைச் செய்தார்.

நம் நாட்டு வைத்தியத்திலோ புளிக்கவைப்பதற்கே ஒரு தனிமுறை உண்டு. சரக்குகளைக் கஷாயம் வைத்துப் புளிக்கவிட்டால் அரிஷ்டம். கஷாயம் வைக்காமல் புளிக்கவிட்டால் ஆசவம். திராட்சாரிஷ்டத்துக்கு உலர்ந்த திராட்சையைக் கஷாயமாக்கி, வெல்லம் கரைத்து, ஏலம், இலவங்கப்பட்டை, மிளகு, திப்பிலி முதலியவற்றைச் சேர்த்து, பாத்திரத்தை வாய்கட்டி மூடி வைப்பார்கள். பல அரிஷ்டங்களில் புளிப்பைத் தூண்டத் தாதகிப்பூவும் சேரும். பிள்ளை பெற்றவளுக்குத் தசமூலாரிஷ்டம் கொடுத்த வீடுகள் நம்மில் பல. இவற்றில் ஆல்கஹால் தனியாகச் சேர்க்கப்படுவதில்லை, புளிக்கும்போது தானாகவே உண்டாகிறது. பாட்டிலின் மேல் பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

நோனி இதற்கு நெருங்கிய உறவு. நம் வயல் வரப்புகளில் நிற்கும் நுணா மரத்தின் இனத்தைச் சேர்ந்தது அது. பசிபிக் தீவுகளின் மக்கள் அதன் பழத்தை ஜாடியில் போட்டு, வாரக்கணக்கில் புளிக்கவிட்டு, வடியும் சாற்றை எடுத்துவந்தார்கள். 1996இல் அமெரிக்காவில் அது வியாபாரச் சரக்காக வெளிவந்தது. பின்பு ஆளுக்கு ஆள் சேர்த்து விற்கும் முறையில் நம் ஊர்கள்வரை வந்துவிட்டது.

புளிப்பதால் நன்மையே இல்லையா என்றால், உண்டு. பழத்தின் நிறமும் துவர்ப்பும் பாலிபீனால் என்னும் பொருள்களால் வருகின்றன. பலவற்றில் ஒரு சர்க்கரைத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் சிலவற்றிலிருந்து அந்தச் சர்க்கரையை வெட்டி எடுத்துவிடுகின்றன. ஆல்கஹாலும் தோலில் பதுங்கியுள்ள நிறப்பொருளைச் சாற்றுக்குள் இழுக்கிறது. புளிப்பு மிகுவதால் சில பொருள்கள் கெடாமலும் இருக்கின்றன. ஆக, புளித்தல் ஒருவகை முன்சமையல். சமையல் முடிந்துவிட்டது என்பதற்காகச் சாப்பாடு வயிற்றுக்குள் போய்விட்டதாக ஆகுமா?

2. மூன்று வாசல்கள்

வாயில் போனதெல்லாம் இரத்தத்தில் சேர்ந்துவிடுவதில்லை. இடையே மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல் சிறுகுடல். ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள இந்தக் குழாயில்தான் பெரும்பாலான சத்துகள் ஈர்க்கப்படுகின்றன. ஒவ்வொரு சத்துக்கும் ஒவ்வொரு விதி. வைட்டமின் சி-யைப் பாருங்கள். நெல்லிக்காயில் அது ஏராளம். ஆனால் அதை உள்ளே ஏற்றும் கதவுகளுக்கு ஓர் அளவு உண்டு. நாளொன்றுக்கு 30 முதல் 180 மி.கி. வரை எடுத்தால் 70 முதல் 90 சதவீதம் சேரும். 1 கிராமுக்கு மேல் போனால் பாதிக்கும் குறைவாகவே சேரும், சேர்ந்ததிலும் மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். ஒன்றிரண்டு நெல்லிக்காயே போதும் என்றிருக்க, பாட்டில் பாட்டிலாகக் குடிப்பவர் காசை நீரில் கரைக்கிறார்.

மாம்பழம், பப்பாளியின் மஞ்சள் நிறமான கரோட்டினுக்கு வேறு விதி. அது எண்ணெயில் கரைவது. கொழுப்பும் பித்தநீரும் சேர்ந்தால்தான் குடற்சுவரைக் கடக்கும். "வெறும் வயிற்றில் குடியுங்கள்" என்று விற்பவர் சொல்வது இதற்குப் பொருந்தாது. எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடு ஒரு துண்டு பப்பாளியைத் தின்பதே மேல்.

பாலிபீனால்களின் கதை இன்னும் வேறு. உண்டதில் 5 முதல் 10 சதவீதம்தான் சிறுகுடலில் ஈர்க்கப்படுகிறது என்று ஆய்வாளர் கணித்திருக்கிறார்கள். திராட்சைக்கும் நாவற்பழத்துக்கும் கருநீலம் தரும் ஆந்தோசயனின், உருமாறாத நிலையில் சிறுநீரில் வெளிப்படுவது பெரும்பாலான ஆய்வுகளில் 1 சதவீதத்துக்கும் குறைவு.

இரண்டாம் வாசல் பெருங்குடல். மிச்சமெல்லாம் இங்கே வந்து சேருகிறது. இங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. ஜாடியில் நடந்த புளித்தல் இங்கே இரண்டாம் முறையாக நடக்கிறது. நுண்ணுயிர்கள் பெரிய மூலக்கூறுகளைச் சிறிதாக வெட்டுகின்றன. வெட்டுண்ட துண்டுகளில் சில இரத்தத்துக்குள் நுழைகின்றன. மாதுளையின் துவர்ப்புப் பொருள் இதற்கு நல்ல உதாரணம். அது அப்படியே உடலில் சேருவதில்லை. குடல் நுண்ணுயிர்கள் அதை யூரோலித்தின் என்ற பொருளாக மாற்றினால்தான் உள்ளே போகும். அந்த மாற்றத்தைச் செய்யும் நுண்ணுயிர்கள் எல்லாருடைய குடலிலும் இல்லை. ஒரே பாட்டிலை ஒரே மேசையில் இருவர் பகிர்ந்து குடித்தாலும், ஒருவருக்குச் சேருவது மற்றவருக்குச் சேராமல் போகலாம். "என் மைத்துனருக்குக் கேட்டது, உங்களுக்கும் கேட்கும்" என்பது இதனாலேயே நம்பத்தக்க சாட்சியல்ல.

மூன்றாம் வாசல் கல்லீரல். குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் கல்லீரலுக்கே போகிறது. முன்பின் அறியாத பொருள் எதுவானாலும் கல்லீரல் அதன்மேல் ஒரு முத்திரை குத்தி, வெளியேற்றுவதற்கு ஆயத்தப்படுத்துகிறது. சிவப்பு ஒயினிலுள்ள ரெஸ்வெரட்ரால் இருதயத்தைக் காக்கும் என்று 1990களில் உலகமெங்கும் பேசினார்கள். 2004இல் வெளியான ஓர் ஆய்வில் மனிதருக்கு அதை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 70 சதவீதத்துக்குக் குறையாமல் ஈர்க்கப்பட்டது. ஆனால் மாறாத வடிவில் இரத்தத்தில் காணப்பட்டது மிக மிகச் சொற்பம். மாறிய வடிவங்களுக்கும் ஏதேனும் பயன் இருக்கலாம். எனினும் சோதனைக் குழாயில் தெரிந்த பலன் சரீரத்திலும் அப்படியே கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் ஒன்று. பாட்டிலில் என்ன இருக்கிறது என்பது ஒரு கேள்வி. சரீரம் எதைப் பெற்றுக்கொள்கிறது என்பது வேறு கேள்வி. விளம்பரம் முதல் கேள்விக்கு மாத்திரம் பதில் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது.

3. வேலூர் கற்றுத்தந்தது

குடலில் என்ன சேருகிறது என்ற ஆராய்ச்சியில் நம் அண்டையிலுள்ள வேலூருக்குப் பெரும்பங்கு உண்டு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலையே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகிய ஆய்வாளர்கள் 1980இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். மனிதரின் சிறுகுடலில் வாழும் சில நுண்ணுயிர்கள் வைட்டமின் பி12-ஐ உண்டாக்க வல்லவை என்று அவர்கள் காட்டினார்கள். குடலுக்குள் வாழும் உயிர்களும் நமக்குச் சமைத்துப் போடுகின்றன என்பதற்கு இது ஒரு சான்று.

இன்னொன்று உயிர்காத்த செய்தி. காலராவில் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுப்பதை அறிவீர்கள். அதிலுள்ள சர்க்கரை, சிறுகுடலில் உப்பையும் நீரையும் தன்னோடு உள்ளே இழுத்துச்செல்கிறது. வேலூர் மருத்துவர்கள், செரிக்காத ஒருவகைச் சோள மாவை அந்தக் கரைசலோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். மாவு சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். அங்கே நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்கும். அந்த அமிலங்கள் பெருங்குடலிலும் உப்பும் நீரும் ஈர்க்கப்பட உதவும். 48 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சாதாரணக் கரைசல், ஒன்றுக்கு லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு சேர்த்தது, மற்றொன்றுக்கு 50 கிராம் அந்தச் சோள மாவு சேர்த்தது என்று கொடுத்தார்கள். சோள மாவு சேர்த்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, சீக்கிரமாகவும் நின்றது. 2000ஆம் ஆண்டு இது வெளியாயிற்று.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். வேலூரில் ஒரு கூட்டத்தாருக்குக் கொடுத்து, இன்னொரு கூட்டத்தாரோடு ஒப்பிட்டு, அளந்து பார்த்துச் சொன்னார்கள். பாட்டில் விற்பவர் தனக்குத் தெரிந்த ஒருவரின் கதையைச் சொல்கிறார். இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

4. யாருக்கு ஆகாது

சிறுநீரக நோயாளிகளுக்கு: பழச்சாறுகளில் பொட்டாசியம் மிகுதி. நல்ல சிறுநீரகம் மிஞ்சியதை வெளியேற்றிவிடும். பழுதுபட்டதால் முடியாது. பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் இருதயத் துடிப்பே தடுமாறும். அமெரிக்காவில் பொட்டாசியத்தைக் குறைத்து உண்டுவந்த ஒரு சிறுநீரக நோயாளிக்கு அது ஏறியிருந்தது. காரணம் தேடியபோது, அவர் நோனிச் சாறு குடித்துவந்தது தெரிந்தது. அந்தச் சாற்றில் ஆரஞ்சு, தக்காளிச் சாறுகளுக்கு ஒப்பான அளவு பொட்டாசியம் இருந்ததாக மருத்துவர்கள் 2000இல் எழுதினார்கள்.

கல்லீரல் நோயாளிகளுக்கும் காசநோய் மருந்து உண்போருக்கும்: காசநோய் மாத்திரைகள் கல்லீரலுக்கு ஏற்கெனவே பாரம். அரிஷ்டத்தின் ஆல்கஹால் அந்தப் பாரத்தைக் கூட்டும். நோனிச் சாறு குடித்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி உண்டானதாக 2005இல் ஆஸ்திரியாவிலிருந்து செய்திகள் வெளிவந்தன. பின்னர் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, சாறுதான் காரணம் என்று சொல்ல இடமில்லை என்று முடிவுசெய்தது. எனினும் கல்லீரல் நோய் உள்ளவர் வைத்தியரைக் கேளாமல் எடுக்கலாகாது.

குடியை விட்டவர்களுக்கு: இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மது மறக்க டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவர் அரிஷ்டம் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்துபோகலாம். மாத்திரை எடுக்காதவருக்கும் அந்த ருசி பழைய வழியைத் திறந்துவிடும். மாதக்கணக்கில் போராடி மீண்ட ஒரு குடும்பத்தலைவனின் கையில், "உடம்பு தேற" என்று சொல்லி நாமே ஆல்கஹால் பாட்டிலைக் கொடுக்கலாமா?

கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும்: ஆல்கஹால் உள்ள எதுவும் வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் பாட்டிலில் எஞ்சியுள்ள வெல்லத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரத்தசோகை உள்ளவர்களுக்கு: சாற்றின் துவர்ப்புப் பொருள் இரும்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தேநீரோடு இரும்பு மாத்திரையை விழுங்காதீர்கள் என்று நர்ஸ் அம்மாமார் சொல்வதும் இதனால்தான். துவர்ப்பான சாற்றுக்கும் மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

சிலர் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபம் 5:23-ஐ எடுத்துக்காட்டி, வேதமே அனுமதிக்கிறதே என்கிறார்கள். அந்த வசனத்தை நிதானமாக வாசியுங்கள். ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு, அவருடைய வயிற்றின் நிமித்தம், கொஞ்சம் என்ற அளவோடு கூறப்பட்ட ஆலோசனை அது. எல்லாருக்கும் எல்லா வியாதிக்கும் என்று அப்போஸ்தலர் எழுதவில்லை. மருத்துவனாகிய லூக்காவும் பவுலோடு கூடவே பயணம் செய்தவர் என்பதை மறவாதிருப்போம். ஆல்கஹாலைப் பற்றிக் கேட்டால், பத்திரமான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்திருக்கிறது.

5. நாம் செய்யத்தக்கவை

முதலாவது, புளித்த சாற்றை ஆகாரமாக எண்ணுங்கள், மருந்தாக எண்ணவேண்டாம். ஆரோக்கியமுள்ளவர் ஆல்கஹால் இல்லாத சாற்றை அளவோடு குடிப்பதில் குற்றமில்லை. ஆனால் அதற்காக ஒரு வேளை மாத்திரையையும் விடக்கூடாது.

இரண்டாவது, பாட்டிலைத் திருப்பிச் சிறிய எழுத்தை வாசியுங்கள். ஆல்கஹால் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, காலாவதி எப்போது என்று பாருங்கள். வீட்டில் புளிக்கவைத்ததில் பூஞ்சணம் படர்ந்தால், மேலாக எடுத்துவிட்டுக் குடிக்காமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

மூன்றாவது, அருகிலுள்ளதை அற்பமாக எண்ணாதிருங்கள். நம் திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் நெல்லி விளைகிறது. கேழ்வரகுக் கூழ் நம் பாட்டன்மார் காலந்தொட்டு இங்கே புளிக்கிறது. தானிய மாவைப் புளிக்கவைத்தால் இரும்பைத் தடுக்கும் பைடிக் அமிலம் குறைகிறது, இரும்பு சேருவது எளிதாகிறது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அரிசிச் சோற்றோடு 100 கிராம் கொய்யாப்பழம் சாப்பிட்ட வளரிளம் பருவத்தினருக்கு இரும்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்ந்தது. சந்தையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழம் அது.

நான்காவது, நோயாளியைப் பார்க்க வரும்போது பாட்டிலைத் தவிர்த்துப் பழமாகக் கொண்டுவாருங்கள். அதையும் நர்ஸ் அம்மாவைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சிறுநீரக நோயாளிக்குக் கொய்யாவும் ஆகாது. பாட்டிலுக்கு வைத்திருந்த பணத்தை அந்த நோயாளியின் ஒரு மாத மாத்திரைக்குக் கொடுத்தால் அது நிச்சயமாகப் பயன்படும்.

மாதர் சங்கத்திலும் வாலிபர் கூடுகையிலும் கலந்துபேச:

1. மூன்று வாசல்கள் எவை? ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது?

2. ஒருவருக்குப் பலன் தந்தது இன்னொருவருக்குப் பலன் தராமற்போவது ஏன்?

3. நம் வீட்டிலோ தெருவிலோ மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாறு குடிப்பவர் இருக்கிறாரா? அவரிடம் கடிந்துகொள்ளாமல் எப்படிப் பேசுவோம்?

4. குடியை விட்ட ஒருவரின் வீட்டுக்குப் போகும்போது எதைக் கொண்டுபோவது நல்லது?

மூன்றாம் கேள்விக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்தியவரை அன்பாக அழைத்துவாருங்கள். வெளிநோயாளர் பிரிவில் அவரை யாரும் ஏளனமாகப் பேசமாட்டார்கள். சீக்கிரம் வந்தால் புண்ணை ஆற்றலாம், காலைக் காப்பாற்றலாம்.

கர்த்தர் உங்கள் குடும்பங்களைச் சுகத்தோடு காப்பாராக.

தங்கள் ஊழியன்,
மருத்துவமனைப் போதகர்,
திருவண்ணாமலை